வலிக்காத அக்காவும் ஒரு பென்சிலும்

என் தங்கைக்கு எங்கள் வட்டாரத்தில் வலிக்காத அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை லேபில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. அதே லேபில் முன் மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரையும் வயதையும் கேட்டு, சீட்டு அடித்து, ட்யூபில் ஒட்டி உள்ளே அனுப்புவது என் வேலை. போனை எடுத்தால் லேப் திறந்திருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. "வலிக்காத அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். லீவு என்று சொன்னால், "சரி, அப்ப நாளைக்கு வர்றோம்" என்று வைத்துவிடுகிறார்கள். நாளை வரை தாங்காத வியாதியாக இருந்தால் என்ன செய்வார்களோ, அது அவர்கள் பாடு.

அவளுக்கு அந்தக் கை சும்மா வந்துவிடவில்லை. எங்கள் அப்பா கடைசி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வருகிறவர் போகிறவரெல்லாம் அவர் கையில் குத்திப் பார்த்தார்கள். நரம்பு கிடைக்கவில்லை, நரம்பு கிடைக்கவில்லை என்று ஒரே கையில் ஏழு இடம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கறுத்துப் போயிருந்தது. அப்போது இவளுக்குப் பத்தொன்பது வயது. அழவில்லை, சண்டை போடவில்லை. அந்த ஏழு இடத்தையும் ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா போன மறு மாதமே இந்தப் படிப்பில் போய்ச் சேர்ந்தாள். வேலைக்கு வந்து பதினாறு வருஷமாகிறது, ஒருத்தரையும் இரண்டாவது தடவை குத்தியதில்லை. இதையெல்லாம் அவள் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

அவளுடைய நாற்காலியின் வலது பக்கம் அகலமான பலகை ஒன்று பொருத்தியிருக்கும். வந்தவர் அதில் கையை வைக்க வேண்டும். எதிரே சக்கரம் வைத்த ஸ்டூலில் இவள் உட்காருவாள். குத்துவதற்கு முன்னால் மூன்றே வார்த்தை. "கையை நீட்டுங்க" என்பாள். உள்ளங்கையில் ஒரு ஸ்பாஞ்ச் பந்தை வைத்து, "நல்லா இறுக்கி மூடுங்க" என்பாள். அப்புறம், "அந்தப் பக்கம் பாருங்க." அந்தப் பக்கம் என்றால் சுவர். அதில் ஒரு ஓடாத கடிகாரமும், கை கழுவுவது எப்படி என்கிற படமும் தவிர வேறொன்றும் கிடையாது. வந்தவர் அதைப் பார்த்து முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். பஞ்சை வைத்து, "அஞ்சு நிமிஷம் மடக்கி வச்சுக்கோங்க" என்று அனுப்பிவிடுவாள்.

பெரிய பெரிய மீசைக்காரர்களையெல்லாம் இப்படிப் பூனைக்குட்டி மாதிரி உட்கார வைத்தவளை, ஒரு சாண் பென்சில் என்ன பாடுபடுத்தியது என்பதுதான் விஷயம்.

அவளுக்கு ஒரே மகள், ஐந்து வயது. பொடிசு என்று கூப்பிடுவோம். பொடிசின் அப்பா தூரத்துக்கு லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் போனிலேயே குடும்பம் நடத்துகிற மனுஷன். நான் கல்யாணம் கட்டாத ஒண்டிக்கட்டை, அவர்களோடுதான் இருக்கிறேன். பள்ளிக்கூடம் பன்னிரண்டரைக்கு விட்டதும் வேன்காரர் பொடிசை லேப் வாசலில் இறக்கிவிடுவார். சாயங்காலம் ஐந்து வரை அவளுக்கு லேப்தான் வீடு. காத்திருக்கிறவர்களின் நீள பெஞ்சில் கோடியில் உட்கார்ந்து, திறந்த கதவு வழியாக உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வயதிலிருந்து இதே கதைதான். உள்ளே யாராவது அலறினால், எட்டிப் பார்த்து, "புதுசு பெரியம்மா" என்று எனக்குச் சேதி சொல்லிவிட்டு மறுபடியும் உட்காருவாள். போன வருஷம் காய்ச்சல் வந்தபோது அவளுக்கே ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. இமைகூட அசைக்கவில்லை. "நல்ல பொண்ணு, அசையவே இல்ல" என்று என் தங்கை ஒரு வாரம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பொடிசுக்கு வாய் எட்டு ஊருக்கு நீளும். பென்சில்தான் பிடிக்க வராது.

கையில் பென்சிலைக் கொடுத்தால் ஐந்து விரலாலும் மூடிக்கொள்வாள். உடும்புப் பிடி. மூடியதும் முழங்கை மடங்காது, கை குச்சியாக நீண்டு நிற்கும். அதோடாவது விட்டாளா, முகத்தை வேறு திருப்பிக்கொள்வாள். பேப்பர் ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம். கோடு போடு என்றால் கோடு பேப்பரில் ஆரம்பித்து மேஜையில் முடியும்.

வகுப்பு மிஸ் முதலில் நோட்டில் எழுதி அனுப்பினார். அப்புறம் நேரில் வரச் சொன்னார். இரண்டு பேரும் போனோம்.

"குழந்தை நல்லா பேசுறா, பாடுறா. எழுத்தெல்லாம் பாத்து டக்டக்குனு சொல்றா. பென்சில் மட்டும் பிடிக்க மாட்டேங்கிறா. பிடிச்சாலும் பேப்பரைப் பாக்கறதில்ல" என்றார் மிஸ். "வருஷ முடிவுல பிரின்சிபால் மேடம் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு எழுதச் சொல்லுவாங்க. பேரு எழுதணும், கூட அஞ்சு எழுத்து எழுதணும். இல்லைன்னா ஒண்ணாம் வகுப்பு கிடையாது, அடுத்த வருஷமும் இங்கதான். இன்னும் ஏழு வாரம் இருக்கு, பாத்துக்கோங்க."

வெளியே வந்ததும் என் தங்கை, "ஏழு வாரம் எதுக்குக்கா? ஏழே நாள்ல பிடிக்க வைக்கிறேன் பாரு. கை வேலைதானே" என்றாள். அந்தத் திமிருக்கு நன்றாக அனுபவித்தாள்.

பொடிசு காதுக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது. மாடி வீட்டில் இரட்டைப் பெண்கள் இருக்கிறார்கள், இவளுக்கு உயிர்த் தோழிகள், ஒரே வகுப்பு. "அவங்க ரெண்டு பேரும் பெரிய கிளாஸ் போயிடுவாங்க. நான் குட்டிப் பசங்களோட மறுபடியும் உக்காருவேன். பரவாயில்ல பெரியம்மா, அந்தப் பாட்டெல்லாம் எனக்குத் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

லேபில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ஈ காக்கை இருக்காது. வெறும் வயிற்றோடு வருகிற கூட்டம் காலையோடு சரி. அந்த நேரத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டாள். வீட்டில் சொல்லிக் கொடேன் என்றேன்.

"வீட்டுக்குப் போனா துணி, பாத்திரம், அதுக்குள்ள அவ தூங்கிடுவா. இங்க வெளிச்சம் இருக்கு, கை வைக்கப் பலகை இருக்கு. வேற என்ன வேணும்?"

சொன்னது நியாயம்தான். எங்கள் வீட்டில் அவ்வளவு நல்ல பலகை கிடையாது. பொடிசு மூன்று வயதில் முதன்முதலாகப் பென்சில் பிடித்ததும் அதே நாற்காலியில்தான். நாற்காலியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, பொடிசைத் தூக்கி உட்கார வைப்பாள். எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வாள். பிள்ளையின் கையை எடுத்துப் பலகையில் வைத்து, பென்சிலை விரலுக்குள் வைப்பாள். அவ்வளவுதான், கை மூடிக்கொள்ளும். அப்புறம் திறக்க நாலு ஆள் வேண்டும்.

தலைகீழாக நின்று தண்ணீர் குடித்துப் பார்த்தோம். கடையில் மீன் மாதிரி ஒரு ரப்பர் விற்றார்கள். பென்சிலில் மாட்டிவிட்டால் விரல் தானாகவே அந்தந்தக் குழியில் போய் உட்காருமாம். பொடிசு மீனின் வாலைக் கடித்துத் துப்பினாள். மூன்று பட்டை வைத்த தடிப் பென்சில் வாங்கினோம், அதற்கும் அதே உடும்புப் பிடிதான். அப்புறம் மிஸ் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் ஒரு பஞ்சு உருண்டையை மடக்கிப் பிடிக்கச் சொன்னால், மிச்ச மூன்று விரல் மட்டும் பென்சிலுக்கு வரும் என்றார். பஞ்சைக் கொடுத்தோம். பொடிசு பென்சிலைக் கீழே போட்டாள், பஞ்சை முழங்கை மடிப்பில் வைத்தாள், கையை மடக்கிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி, விளையாடறியா?" என்று கத்தினாள் என் தங்கை. அவள் கத்தி லேபில் நான் கேட்டதில்லை. மைக்ரோஸ்கோப் அறையிலிருந்து லேப் டாக்டரே எட்டிப் பார்த்தார்.

பொடிசின் அப்பா போனில் ஒரு யோசனை சொன்னார். "ஒருவேளை அவ இடது கைக்காரியோ என்னவோ. எங்க சித்தப்பா ஒருத்தர் அப்படித்தான். மாத்திக் குடுத்துப் பாரேன்." மாற்றிக் கொடுத்தோம். இரண்டே நாளில் இடது கையும் அதே பிடியைக் கற்றுக்கொண்டது. ஒரு உடும்புக்கு இரண்டு உடும்பாயிற்று. யோசனை சொன்னவர் நெட்வொர்க் இல்லாத மலைப் பாதையில் ஏறிவிட்டார், தப்பித்தார்.

முகத்தைத் திருப்புகிறாளே, பார்வையில் கோளாறோ என்று கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடைசி வரியில் இருந்த கடுகளவு எழுத்தைக்கூட ஒப்பித்துவிட்டாள். "கண்ணு பிரமாதமா இருக்கு. பேப்பரைப் பாத்து எழுதச் சொல்லுங்க" என்றார் டாக்டர். அதற்குத்தானய்யா வந்தோம் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு நாள், "நீ எழுந்திரு, நான் பாத்துக்கறேன். உனக்குப் பொறுமை போதாது" என்று தங்கையை அனுப்பிவிட்டு நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பத்தாவது நிமிஷம் பென்சிலை இரண்டாக ஒடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பொடிசு தன் பையைத் திறந்து இன்னொரு பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

இப்படியே ஐந்து வாரம் போயிற்று. பொடிசு முன்பெல்லாம் லேப் சீட்டுகளின் பின்பக்கம் கண்டபடி கிறுக்கி வைப்பாள். அதையும் நிறுத்திவிட்டாள். பென்சில் டப்பாவைக் கண்டாலே பெஞ்சின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். என் தங்கைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிடச் சொன்னால் என் மேல் எரிந்து விழுந்தாள். "உனக்கென்னக்கா, பெத்தவளா நீ?" என்று ஒரு தடவை கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள். அழுதால் சரியாகிவிடுமா, ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை.

ஐந்தாவது வாரக் கடைசியில் அது நடந்தது. "விரலை லூசா விடு, லூசா விடு" என்று பத்துத் தடவை சொன்னாள். பதினோராவது தடவை பிள்ளையின் புறங்கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். பொடிசு கையை இழுத்துக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "நான் அசையவே இல்லியேம்மா" என்றாள்.

அந்த வார்த்தை எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. இரண்டு தடிச்சிகளுக்கும் அது மண்டையில் ஏறவில்லை. எங்களை எதால் அடிப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கால் மணி நேரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தாள். சீட்டு ஒட்டி உள்ளே அனுப்பினேன். சாதாரணமாக அடுத்த நிமிஷமே வெளியே வந்துவிடுவார்கள். இந்தப் பெண் வரவில்லை. உள்ளே என் தங்கையின் குரல் கேட்டது.

"மன்னிச்சுக்கோம்மா. நரம்பு விலகிடுச்சு. இன்னொரு தடவை குத்தணும்."

என் கையிலிருந்த சீட்டுச் சுருள் உருண்டு ஓடியது. பதினாறு வருஷத்தில் நான் கேட்காத வார்த்தை அது. அந்தப் பெண், "பரவாயில்லக்கா" என்று சொன்னதும் கேட்டது. அவள் போன பிறகு உள்ளே போனேன். என் தங்கை பஞ்சுப் பொட்டலம் அடுக்குகிற அறையில், கையுறையைக்கூடக் கழற்றாமல், ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா கையில ஏழு தடவை குத்தினாங்களேக்கா" என்றாள். "அவங்க வீட்டுலயும் அன்னைக்கு ஏதாவது ஆகியிருக்கும், இல்ல?"

ட்யூபில் ஒட்ட வேண்டிய ஒரு சீட்டை என் விரலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு ஆள் வந்தார். மூட்டை தூக்குகிறவர், கதவில் நுழையப் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய உடம்பு. ஊசி என்றால் பயம் என்று என்னிடமே மூன்று தடவை சொல்லிவிட்டார். கூடவே போய் உள்ளே உட்கார வைத்துவிட்டு, நான் கதவோரமே நின்றேன். தங்கையின் கை நேற்றுப் போல் ஆகிவிடக் கூடாதே என்று எனக்குப் பயம்.

"கையை நீட்டுங்க" என்றாள். நீட்டினார். பந்தை வைத்து, "நல்லா இறுக்கி மூடுங்க" என்றாள். மூடினார். "அந்தப் பக்கம் பாருங்க." அந்த மலை மாதிரி ஆள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டார். குச்சியாக நீண்ட கை. மூடிய முஷ்டி. திரும்பிய முகம். இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. எங்கேயோ என்ன எங்கேயோ, ஐந்து வாரமாகத் தினம் இரண்டு மணி நேரம் பார்த்துத் தொலைத்த காட்சிதான். திரும்பி பெஞ்சைப் பார்த்தேன். அங்கே பொடிசும் கையை பெஞ்சின் மேல் நீட்டி, இறுக்கி மூடி, அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், அந்த ஆள் கண்ணைத் திறந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம் கேட்டது. அதற்குள் அவருக்கு வேலை முடிந்திருந்தது, ஒரே குத்தில்.

அவர் போனதும் தங்கையிடம் சொன்னேன். "போக்கா, உனக்கு எப்பவும் ஏதாவது ஒரு கதை" என்றாள். பொடிசைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். "ஏன்டி கண்ணு, எழுதறப்ப ஏன் அந்தப் பக்கம் பாக்கறே?"

"நீதானே சொல்லுவே. கையை நீட்டணும், இறுக்கி மூடணும், அந்தப் பக்கம் பாக்கணும். அசையக் கூடாது."

"அது ரத்தம் எடுக்கறதுக்குடி."

"பென்சிலும் கூராத்தானே இருக்கு."

என் தங்கை கையிலிருந்த பென்சிலைப் பலகை மேல் வைத்தாள். "இத்தனை நாளா அம்மா உன்னைக் குத்தப் போறேன்னா நினைச்சே?"

"ஆனா நீ குத்தல" என்றாள் பொடிசு. "நான் அசையாம நல்ல பொண்ணா இருந்தேன்ல, அதான்."

ஐந்து வாரமாக அந்தப் பிள்ளை அந்த நாற்காலியில் பயந்துகொண்டே சமர்த்தாக இருந்திருக்கிறாள். நாங்கள் அதைத்தான் பிடிவாதம், திமிர், கொழுப்பு என்றெல்லாம் திட்டியிருக்கிறோம். என் தங்கை அவளை வாரி எடுத்துக் கீழே இறக்கினாள். இறக்கிவிட்டு அதே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஸ்டூல் காலியாக இருந்தது. பொடிசு கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள். அப்புறம் அதில் ஏறி உட்கார்ந்து, சக்கரத்தைக் காலால் தள்ளி நாற்காலிக்கு அருகே வந்தாள். அம்மாவின் கையை முகத்திலிருந்து எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"கையை நீட்டுங்க" என்றாள். "நல்லா இறுக்கி மூடுங்க. அந்தப் பக்கம் பாருங்க. வலிக்காது."

என் தங்கை சுவரைப் பார்த்தாள். பொடிசு முழங்கை மடிப்பில் ரப்பர் பட்டை கட்டுவது போல் செய்தாள். இரண்டு விரலால் தட்டி நரம்பு தேடினாள். பஞ்சால் துடைத்தாள். ஊசி வேண்டுமே, சுற்றுமுற்றும் பார்த்தாள். பலகை மேல் பென்சில் கிடந்தது. எடுத்தாள்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், அடியில் நடு விரல். மிச்ச இரண்டும் மெதுவாக மடங்கி உள்ளே போயின. என் தங்கை பதினாறு வருஷமாக ஊசி பிடிக்கிற அதே பிடி, கொஞ்சம்கூடப் பிசகவில்லை. முனை தோலில் பட்டும் படாமல் நின்றது. பார்வை முனையை விட்டு நகரவில்லை.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நின்றேனா? "அப்படியே, அப்படியே இந்தப் பேப்பர்ல ஒரு கோடு போடுடி செல்லம்" என்று பேப்பரை எடுத்து நீட்டினேன். ஐந்து விரலும் சட்டென்று மூடிக்கொண்டன, முகம் சுவருக்குப் போயிற்று.

"அக்கா" என்றாள் என் தங்கை, பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ போய் போனை எடு."

போன் அடிக்கவே இல்லை. இருந்தாலும் போனேன்.

மிச்சமிருந்த நாளெல்லாம் எழுத்துப் பயிற்சி என் தங்கையின் கையில் நடந்தது. முதலில் வெறும் புள்ளி, அப்புறம் கோடு, அப்புறம் ட, ப, ம. தோலில் பென்சில் சரியாகப் பதியாது என்று ஒரு பேப்பரைக் கையில் சுற்றி, டேப் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இடையில் வந்த ஓரிருவர் கையுறைக்கு மேலே தெரிகிற பேப்பர்க் கிறுக்கல்களைப் பார்த்து, "என்னக்கா இது?" என்று கேட்டார்கள். "எனக்கு டெஸ்ட் எடுத்திருக்காங்க" என்பாள். ஆனால் பேப்பரைக் கையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தால் பழைய கதைதான். பரீட்சைக்கு முதல் நாள் வரை மேஜையில் ஒரு எழுத்துகூட விழவில்லை. எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. நான் கேட்காமலே லேப் டாக்டர் அளந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

பிரின்சிபால் அறையில் பெரிய மேஜை. பெற்றவர்கள் சுவரோரம் நிற்க வேண்டும் என்பது சட்டம். மாடி வீட்டு இரட்டைகள் எழுதிவிட்டு, குதித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பொடிசு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். பிரின்சிபால் நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே பென்சிலை நீட்டினார்.

"கையை நீட்டு பாக்கலாம்" என்றார்.

வேறு எத்தனையோ வார்த்தை இருக்கிறது உலகத்தில். பொடிசு கையை நீட்டினாள். பென்சில் உள்ளே போனதும் இறுக்கி மூடினாள். அந்தப் பக்கம் பார்த்தாள்.

வகுப்பு மிஸ் பெருமூச்சு விட்டு எதையோ குறிக்கப் பேனாவைத் திறந்தார். என் தங்கை சுவரை விட்டு நகர்ந்தாள். மேஜைக்குப் போய், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, தன் கையைப் பொடிசின் முன்னால் நீட்டி வைத்தாள். பேப்பரை எடுத்து அதன் மேல் போட்டாள்.

"பெத்தவங்க உதவி பண்ணக் கூடாதும்மா" என்றார் பிரின்சிபால்.

"உதவி பண்ணல மேடம். கையை வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

பொடிசு திரும்பிப் பார்த்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நாற்காலியை விட்டு இறங்கி நின்றுகொண்டாள்.

"நல்லா மூடு" என்றாள் அம்மாவிடம். "அந்தப் பக்கம் பாரு."

என் தங்கை முஷ்டியை மூடி, சுவரைப் பார்த்தாள். பொடிசு மூன்று விரலால் பென்சிலைப் பிடித்து எழுதினாள். ட, ப, ம, க, ச. பிரின்சிபால் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "பேரு எழுதுவியா? ஆனா பேரை மேஜையில வச்சு எழுதணும்."

பொடிசு யோசித்தாள். "நீ அப்படியே இரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பேப்பரை எடுத்து மேஜையில் வைத்தாள். இடது கையை அம்மாவின் கை மேல் வைத்துக்கொண்டாள். வலது கை மூன்று விரலோடு பேப்பரில் இறங்கியது. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, பேப்பரைப் பார்த்துக்கொண்டு, தன் பெயரை எழுதினாள். கடைசி எழுத்து கோணலாகத்தான் வந்தது. வந்ததே பெரிது.

"ஒண்ணாம் வகுப்புப் புத்தகம் எந்த நாள்ல குடுக்கறாங்கன்னு வெளிய பலகையில எழுதியிருக்கு. பாத்துட்டுப் போங்க" என்றார் பிரின்சிபால்.

என் தங்கை இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லையே. பொடிசு சட்டைப் பையிலிருந்து லேப் பஞ்சு ஒன்றை எடுத்து, அம்மாவின் முழங்கை மடிப்பில் வைத்தாள்.

"முடிஞ்சுது. அஞ்சு நிமிஷம் மடக்கி வச்சுக்கோ."

பஸ்ஸில் உட்கார இடமில்லை. என் தங்கை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மடக்கியபடியே நின்றாள். ஏறி அரை மணி நேரமாகியிருந்தது. "விட்டுத் தொலையேன்டி, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகலக்கா" என்றாள்.

பொடிசு அண்ணாந்து பார்த்தாள். "வலிச்சுதாம்மா?"

"இல்லடி. வலிக்கவே இல்ல."

சொல்லும்போதே கண்ணிலிருந்து கொட்டியது. ஒரு கை கம்பியில், ஒரு கை மடக்கினபடி. துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை இல்லை. என் தலையெழுத்து, நான்தான் துடைத்துவிட்டேன்.